ஐந்து நிமிடமும் இருபத்தேழு விநாடியும்

பாரிஸ், 1994 ஜனவரி 9

ஃபெர்னான்,

‘அன்புள்ள’ என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்ததில் ஒரு நல்ல தாள் வீணாகிவிட்டது. அதனால் வெறும் பெயரோடு தொடங்குகிறேன். உன் விலாசத்தை உன் அக்காவிடம் வாங்கினேன். “விவாகரத்து ஆகி இருபத்தாறு வருஷம் ஆச்சு, இப்ப எதுக்குடி அவன் விலாசம்?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள்.

மே மாதம் லியோனில் ஓர் அருங்காட்சியகம் என் வேலைகளையெல்லாம் சேர்த்துப் பெரிய கண்காட்சி வைக்கிறது. ஒன்பது அறைகள். உயிரோடு இருக்கும்போதே செய்கிறார்களே, சந்தோஷப்படு என்கிறார்கள். சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது. இரண்டு மாதமாகப் பட்டியல் எடுக்கிறவர்களோடு ஊர் ஊராக அலைகிறேன். புறநகர்ப் பள்ளிக்கூடத்தில் என் சுழலும் சுவரிலிருந்து மோட்டார்களைக் கழற்றிவிட்டார்கள், சத்தம் வருகிறதாம். தபால் நிலையத்து நீலப் பலகைகளை எழுபத்து நான்கில், எண்ணெய் விலை ஏறியபோது, மின்சாரம் மிச்சம் பிடிக்க நிறுத்தினார்கள். இன்னும் மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நகராட்சி மண்டபத்தில் என் சதுரங்களின் மேல் கோட்டுகள் தொங்குகின்றன. “அது கோட் ஸ்டாண்டுன்னுல்ல நினைச்சோம், மேடம்!” என்றார் அங்கிருந்தவர். பொய் சொல்லவில்லை. அவருடைய கோட்டும் அதில்தான் தொங்கியது.

உனக்கு எழுதக் காரணம் நாம் சேர்ந்து செய்த அந்த வேலை, ஏழாம் எண். அமெரிக்காவிலிருந்து வருகிறது. கண்காட்சியைப் பொறுப்பேற்று நடத்தும் மேடம் பிரெஷே புத்தகத்துக்காக அதைப் பற்றி எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன். தப்பு இருந்தால் திருத்து.

‘ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணாடி வட்டங்கள். ஒவ்வொன்றிலும் மையத்திலிருந்து விளிம்புவரை முந்நூறு கறுப்புக் கோடுகள். முன்வட்டத்தை மின்சார மோட்டாரும் பின்வட்டத்தைச் சாவி கொடுக்கும் கடிகாரப் பொறியும் சுற்றுகின்றன. இரண்டும் அரை மணிக்கு ஒரு சுற்று போல அத்தனை மெதுவாகச் சுற்றுவதால் சுற்றுவதே தெரியாது. இரண்டின் வேகத்துக்கும் சிறு வித்தியாசம் உண்டு. கோட்டின் மேல் கோடு நிற்கும்போது வட்டம் வெளுக்கிறது, கோடு இடைவெளியை மூடும்போது கறுக்கிறது. வெளுப்பிலிருந்து கறுத்து மறுபடி வெளுக்க இருபத்தேழு விநாடி.’

உன் கடிகாரப் பொறி நின்றுவிட்டது. போன வருடமே நின்றுவிட்டதாம். முன்வட்டம் மட்டும் ஓடுவதால் ஐந்து விநாடிக்கு ஒரு தடவை பைத்தியம்போலக் கண் சிமிட்டுகிறது. அங்கே அது ஜனங்களுக்கு இன்னும் அதிகம் பிடித்திருக்கிறதாம். என்னத்தைச் சொல்ல.

அதை நீ சரிசெய்து தர வேண்டும். இன்னொன்றும் உண்டு, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கே நம் மின்சாரத்தில் மாட்டினால் அது பழையபடி ஐந்து நிமிடம் எடுக்கும். நின்றுபோனது என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார்கள். உன் பக்கத்தில் எதையாவது மாற்றி, இங்கேயும் இருபத்தேழு விநாடியில் ஓடும்படி செய்ய முடியுமா?

உகெத்


மொரே, 1994 ஜனவரி 17

உகெத்,

முடியாது.

நான் செய்தது ஐந்து நிமிடப் பொறி. அந்த அம்மாள் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்தச் சொன்னாய். கடைசி வரி தப்பு.

உனக்கு ஞாபகம் இல்லையென்றால் சொல்கிறேன். அறுபத்தைந்து பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து ஒரே ஒரு விமானச் சீட்டுதான் அனுப்பினார்கள். நீ போனாய். நான் பாரிஸில் காய்ச்சலோடு கிடந்தேன். உன் தந்தி வந்தது: ‘பெரிய வெற்றி. துடிக்கிறது.’ துடிக்கிறதா? என் பொறி எப்படித் துடிக்கும்? ஏதோ உடைந்துவிட்டது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை அலைகிறது. அவர்களுடையது அறுபது. இசைத்தட்டு இயந்திரத்திலிருந்து நான் கழற்றிப் போட்ட மோட்டார் அந்த அலையின் கணக்கில்தான் ஓடும். அங்கே அது வேகமாக ஓடியது, என் கடிகாரம் மட்டும் சொன்ன வேகத்தில் ஓடியது. ஐந்து நிமிடம் இருபத்தேழு விநாடியாகிவிட்டது. எந்தத் திருகை எப்படித் திருப்பிச் சரிசெய்வது என்று அன்றே விமானத் தபாலில் உனக்கு எழுதினேன்.

நீ திரும்பி வந்தாய், பெட்டி நிறைய பத்திரிகை வெட்டுகளோடு. என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “இதே மாதிரி இன்னும் ஏழு வேணும் ஃபெர்னான், இருபத்தேழு விநாடிக்குச் சக்கரம் வெட்டிக்கொடு” என்றாய். ஏழுக்குப் பதில் பதினொன்று வெட்டிக்கொடுத்தேன். பன்னிரண்டாவதில் கை வரவில்லை. நான் ஊருக்கு வந்து மாதா கோவில் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டேன். அவை தப்பாக ஓடினால் யாராவது திட்டவாவது செய்வார்கள்.

இங்கே ஒரு மீட்டர் பனி. முழங்கால் வலிக்கிறது.

ஃபெர்னான்


பாரிஸ், 1994 ஜனவரி 28

ஃபெர்னான்,

அந்தக் கடிதம் மூன்றாம் நாளே என் கைக்கு வந்தது. இப்போது திருப்திதானா?

நீ அறுபத்து மூன்றை வசதியாக மறந்துவிட்டாய். அப்போது நீ பகலெல்லாம் தொழிற்சாலையில் இருந்தாய். இங்கே பாரிஸில் ஏழாம் எண்ணை முதல்முதலாக மாட்டி, மூன்று வாரம் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் நான். வந்தவர்கள் பேசியதைக் கேட்டவளும் நான். “இது ஓடுதா, நின்னுபோச்சா?” “கரண்ட் இல்லையோ என்னவோ.” “ஏம்மா, நீதான் செஞ்சியா? ரொம்பப் பொறுமை உனக்கு.” ஒரு கனவான் தன் நனைந்த குடையை அதன் சட்டத்தில் மாட்டிவிட்டு அடுத்த ஓவியத்தைப் பார்க்கப் போனார். மூன்று வாரத்தில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட ஐந்து நிமிடம் நிற்கவில்லை. அறுநூறு கோடு போட்டவள் நான், ஃபெர்னான். அதற்குமுன் பன்னிரண்டு வருடம் கடைப் பலகை எழுதிக்கொண்டே சதுரமும் முக்கோணமும் வரைந்தவள். ஒரு வளைவு போட்டால்கூடத் துரோகம் என்று நினைத்தவள்.

நியூயார்க்கில் ஜனங்கள் நின்றார்கள். வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். ஒரு குண்டுப் பெண்மணி நெஞ்சில் கை வைத்து, அது வெளுக்கும்போது மூச்சை இழுத்து, கறுக்கும்போது விட்டாள். அதைப் பார்த்தபின் நான் என்ன செய்திருக்க வேண்டும்? “மன்னிச்சுக்கோங்க அம்மா, இது தப்பா ஓடுது, என் புருஷன் சொல்றார்” என்று சொல்லிப் பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டுமா?

நீ என்னவோ கடிகாரத்தைக் கற்பழித்துவிட்டதுபோல் இருபத்தாறு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய். அதற்கும் ஒரு தெம்பு வேண்டும், பாராட்டுகிறேன்.

பொறியைச் சரிசெய்வாயா மாட்டாயா, அதை மட்டும் எழுது.

உகெத்


மொரே, 1994 பிப்ரவரி 10

உகெத்,

உன் கடிதத்தை மூன்று நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். குடைக் கதையை நீ அப்போது சொல்லவில்லை.

நானும் ஒன்றைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. பெட்டி கட்டும்போது அமெரிக்காவில் எத்தனை வோல்ட் என்று கேட்டு எழுதினேன். நூற்றுப்பத்து என்றார்கள், நம் வீட்டில் அப்போது இருந்ததும் நூற்றுப்பத்து. பிளக்கின் தலையை மட்டும் மாற்றினால் போதும் என்று கையைத் தட்டிக்கொண்டேன். அலை எத்தனை என்று கேட்கத் தோன்றவில்லை. பரம்பரையாகச் சாவி கொடுக்கும் கடிகாரத்தில் புழங்கியவனுக்குச் சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் ஒரு தாளம் உண்டு என்பது மண்டையில் ஏறவில்லை. வேறு யார் செய்திருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. என் தப்புக்கு உலகமே கைதட்டியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது.

பொறியைச் சரிசெய்கிறேன். வேகத்தை மாற்ற மாட்டேன். ஒரு நிபந்தனை. பக்கத்துச் சுவரில் ஒட்டும் குறிப்பில் ஒரு வரி வேண்டும்: ‘இது ஐந்து நிமிடத்துக்காகச் செய்யப்பட்டது. வேறு வேகத்தில் ஓடியது ஒரு தவறு.’ என் பெயர் எங்கும் வேண்டாம். கையெழுத்துப் போட்டவள் நீ, அதில் எனக்கு எந்தக் காலத்திலும் வருத்தம் இல்லை. எனக்கு வேண்டியது அந்த ஒரு வரி.

சாவியை அரைச் சுற்று திருப்பிக் காது கொடுத்துக் கேட்கச் சொல். ‘டொக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் சுருள்வில் உடைந்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் எண்ணெய் காய்ந்து பசையாகிவிட்டது. இரண்டில் எது என்று தெரிந்தால் நல்லது.

ஃபெர்னான்


பாரிஸ், 1994 மார்ச் 2

ஃபெர்னான்,

சத்தமே இல்லை. அதனால் பசைதான்.

உன் ஒரு வரியை மேடம் பிரெஷேயிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். “மேடம், அட்டையிலயே ‘இருபத்தேழு விநாடி’ன்னு போட்டு அச்சாயிடுச்சே” என்றாள். என்னைப் பற்றிய புத்தகத்தின் பெயர் அது. அமெரிக்காக்காரர்களும் ஒப்பந்தத்தில் இருபத்தேழு என்று எழுதி, கூடவே ஒரு பெட்டியும் அனுப்பியிருக்கிறார்கள். நம் மின்சாரத்தை வாங்கி அறுபது அலையாக மாற்றித் தரும் பெட்டி. ஆகவே நீ பல்சக்கரத்தில் கை வைக்கத் தேவையே இல்லை. ஓட வை, அது போதும்.

அந்த வரியைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். ஏழாம் எண்ணுக்குப் பிறகு நான் செய்த எல்லாம் அந்த வேகத்தில் செய்தவை. பள்ளிக்கூடம், தபால் நிலையம், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, பேட்டிகளில் மூச்சைப் பற்றியும் இதயத்தைப் பற்றியும் அளந்துவிட்டது எல்லாம். என் முப்பது வருடமும் ஒரு மின்சாரக் கோளாறு என்று சுவரில் எழுதி ஒட்டி, அதன் கீழே நான் கோப்பையோடு நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுக்க வேண்டுமா? எனக்கு அறுபத்து மூன்று வயது. இந்த ஒரு கண்காட்சிதான் மிச்சம். இதற்குப் பிறகு யாரும் கேட்கப்போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நீ கேட்பது நியாயம்தான். என்னால் முடியாது, அவ்வளவுதான்.

பொறியை மேடம் பிரெஷே தன் காரிலேயே எடுத்துக்கொண்டு வருவாள். அவளிடம் முறைக்காதே.

உகெத்


மொரே, 1994 மார்ச் 27

உகெத்,

உன் மேடம் பிரெஷே சனிக்கிழமை வந்தாள். பொறியைக் குழந்தைபோல் கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். மலை ஏறும்போது வாந்தி வந்ததாம். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் உருக்கிக் கொடுத்தேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

“அவங்க உங்களப் பத்திப் பேசினதே இல்ல சார்” என்றாள்.

“நானும்தான் பேசினதில்ல. இங்க யாரு கேக்கறா?”

“ஒரு கேள்வி கேக்கலாமா? அந்த அஞ்சு நிமிஷம், அதுல என்ன இருக்கு?”

“மெதுவா இருக்கும்” என்றேன். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அவள் போனபிறகு திறந்தேன். எண்ணெய் தார்போல் ஆகியிருந்தது. துடைத்தெடுத்தால், பின்தகட்டின் உள்பக்கம் நான் கீறியது தெரிந்தது. எங்கள் ஊரில் கடிகாரத்தைத் திறக்கிற ஒவ்வொருவரும் உள்ளே தன் எழுத்தையும் தேதியையும் கீறிவிட்டுத்தான் மூடுவோம், அடுத்துத் திறப்பவனுக்கு யார் கை பட்டது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. உனக்கும் நான் அப்போதே சொல்லிக்கொடுத்திருந்தேன். நீ சிரித்தாய்.

‘எஃப், 1962.’ அது என்னுடையது. அதன் கீழே, ஊசியால் கீறியதுபோல் மெல்லிசாக:

‘எச், 4 மார்ச் 1965.’
‘எச், அக்டோபர் 1971.’
‘எச், மே 1978.’
‘எச், 1986.’

உச்சரிப்பில் வராவிட்டாலும், எழுதும்போது உன் பெயரின் முதல் எழுத்து எச். வேறு யாராக இருக்க முடியும்? பொறியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விசிறித் தகட்டைச் சாய்க்கிற திருகில் புதிய தழும்புகள் இருக்கின்றன, என் திருப்புளி போட்டவை அல்ல. அந்தத் திருகை ஒருபக்கம் திருப்பினால் பின்வட்டம் வேகம் எடுக்கும். போதுமான அளவு எடுத்தால், அமெரிக்க மின்சாரத்திலேயே மறுபடி ஐந்து நிமிடம் வரும்.

உகெத், நீ என்ன செய்தாய்?

ஃபெர்னான்


பாரிஸ், 1994 ஏப்ரல் 5

ஃபெர்னான்,

நான் அதை மறந்தே போயிருந்தேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன். நீ நம்பமாட்டாய்.

நியூயார்க்கில் உன் விமானத் தபால் வந்த அன்று இரவு தூங்கவில்லை. காலையில் காட்சிக்கூடம் திறக்குமுன் போய், சுத்தம் செய்கிறவளிடம் கெஞ்சி உள்ளே நுழைந்தேன். பொறியைத் திறந்து, உன் கடிதத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, நகவெட்டியால் அந்தத் திருகைத் திருப்பினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. வந்துவிட்டது, ஃபெர்னான். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிபார்த்தேன். ஐந்து நிமிடம். நம் அறையில் இருந்ததுபோலவே வெளுத்து, நரைத்து, எப்போது என்றே தெரியாமல் கறுத்தது. நான் தேதியைக் கீறிவிட்டு மூடினேன். அன்று நான் உன் பக்கம்தான் இருந்தேன்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. முந்தின நாள் பத்திரிகையைப் படித்துவிட்டு வந்தவர்கள். நாற்பது பேர் இருக்கும். நின்றார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், போனார்கள். நான் எண்ணினேன். மிக அதிகமாக நின்றவர் எண்பது விநாடி. காட்சிக்கூடத்துக்காரர் ஓடி வந்தார், “என்னம்மா ஆச்சு, செத்துப்போச்சா?” என்று. “பொறுங்க” என்றேன். “எதுக்குப் பொறுக்கணும்? நேத்து உசுரோட இருந்துச்சே!” என்றார். மதியம் அவர் சாப்பிடப் போனபோது பழையபடி திருப்பிவிட்டேன். அதற்குத் தேதி கீறவில்லை. கை வரவில்லை.

மற்ற தேதிகள் அங்கே போனபோதெல்லாம் நடந்தவை. பராமரிக்க வேண்டும் என்று சொல்லி அறையைப் பூட்டச் சொல்வேன். ஐந்து நிமிடத்துக்குத் திருப்பி ஒரு சுற்று பார்த்துவிட்டு, மறுபடி மாற்றிவைத்து, கதவைத் திறப்பேன். அவ்வளவுதான். முதல் தடவையையும் சேர்த்து நான்கு தடவை.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். நீ சொன்னது சரி என்று தெரிந்தும் கூட்டம் நிற்கிற பக்கம் போய் நின்றேன். ஒன்றும் தெரியாதவள்போல் உன்னிடம் நடிப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது. பிறகு நீ போய்விட்டாய். அதன்பின் யாரிடம் சொல்ல?

களைத்துவிட்டேன். இதற்கு மேல் சண்டை போட என்னிடம் ஒன்றும் இல்லை. பொறி உன் கையில் இருக்கிறது. அந்தத் திருகை உன் இஷ்டப்படி வைத்து அனுப்பு. அறுபது அலைப் பெட்டியோடு ஐந்து நிமிடம் ஓடும்படி வைத்தாலும் சரி, நான் வாயைத் திறக்கமாட்டேன்.

உகெத்


மொரே, 1994 ஏப்ரல் 14

உகெத்,

பொறி தயார். மேடம் பிரெஷே செவ்வாயன்று வந்து எடுத்துப்போகிறாள்.

திருகை அறுபத்திரண்டில் வைத்திருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். அமெரிக்கப் பெட்டியில் மாட்டினால் இருபத்தேழு விநாடி. நம் மின்சாரத்தில் மாட்டினால் ஐந்து நிமிடம். வோல்ட் மட்டும் இப்போது இருமடங்காகிவிட்டதால் அதைக் குறைக்க ஒரு சாதாரணக் கருவி போதும், எந்த மின்சாமான் கடையிலும் கிடைக்கும்.

உனக்குத் தெரியாமல் உன் வேலையை நான் மாற்றி அனுப்ப வேண்டும் என்று நீ எப்படி நினைத்தாய்? ஒரு தடவை என் தப்பால் அது நடந்தது போதும். சுவரில் அந்த வரியும் வேண்டாம், விட்டுவிட்டேன். எதில் மாட்டுவது என்பது உன் பாடு.

எட்டு நாளைக்கு ஒரு தடவை சாவி.

ஃபெர்னான்


லியோன், 1994 மே 24

ஃபெர்னான்,

கண்காட்சி திறந்து நான்கு நாள் ஆகிறது. நீ திறப்புக்கு வரமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் மின்சாரத்தில்தான் மாட்டினேன்.

முந்தின நாள் மதியம் கடையில் அந்தச் சாதாரணக் கருவியை வாங்கிக்கொண்டு போனேன். மேடம் பிரெஷேயின் முகம் வெளுத்துவிட்டது. “மேடம், ஒப்பந்தம்!” என்றாள். “அட்டை, மேடம், அட்டை!” என்றாள். பிறகு பெருமூச்சு விட்டு, “ரெண்டு வாரம். அதுக்கு மேல அவங்க கூப்பிட்டா என்னால சமாளிக்க முடியாது” என்றாள். அவளாகவே குனிந்து மாட்டிவிட்டாள்.

அமைச்சகத்திலிருந்து வந்தவர் பேசும்போது ‘துடிக்கும் இதயம்’ என்று கையை நீட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது சும்மா சாம்பல் நிறத்தில் இருந்தது. பேச்சு முடிகிறவரை சாம்பல்தான். ஒரு பத்திரிகை ‘களைத்துப்போன இயந்திரங்கள், களைத்துப்போன கலைஞர்’ என்று எழுதியிருக்கிறது. பாதி சரி. அமெரிக்காவிலிருந்து நேற்றுத் தகவல் வந்துவிட்டது, உடனே சரிசெய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம்.

அந்த அறையில் யாரும் நிற்பதில்லை. அறுபத்து மூன்றுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், யாரும் குடை மாட்டவில்லை. கயிறு கட்டியிருக்கிறார்கள்.

இதை உனக்காகச் செய்தேன் என்று பெருமைப்படாதே. எனக்கும் ஒரு தடவை கதவைப் பூட்டாமல் அதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

உகெத்


மொரே, 1994 ஜூன் 2

உகெத்,

போன செவ்வாய்க்கிழமை வந்திருந்தேன். பஸ்ஸில் வந்து, பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். நீ பாரிஸ் போயிருந்தாய் என்றார்கள், நல்லதாகப் போயிற்று.

பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், கோபப்படாதே. அது நன்றாக இல்லை. வேலை சுத்தமாக இருக்கிறது, பொறி சரியாக ஓடுகிறது, ஆனால் மூன்றாவது நிமிடத்தில் எனக்கு மதியச் சாப்பாடு ஞாபகம் வந்துவிட்டது. ஒரு சுற்றுகூட முழுசாகப் பார்க்கவில்லை, கிளம்பிவிட்டேன். என் பக்கத்தில் நின்ற ஒரு புருஷனும் பெண்டாட்டியும், “இது ஓடல போல.” “விடு, அடுத்த ரூமுக்குப் போலாம்” என்று போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

அந்த மார்ச் நான்காம் தேதி நான் அங்கே இருந்திருந்தால் நானே அந்தத் திருகைப் பழையபடி திருப்பியிருப்பேன். அன்று நீ செய்தது சரி. இத்தனை வருடம் வீம்புக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் அந்தப் பெட்டியை மாட்டிவிடு. அவர்கள் எடுத்துப்போய்விட்டால் உன் கண்காட்சியில் பெரிய ஓட்டை விழும். ஒரு கிழவனுடைய பிடிவாதத்துக்காக உன் கடைசி ஒன்பது அறையையும் கெடுத்துக்கொள்ளாதே.

ஃபெர்னான்


லியோன், 1994 ஜூன் 6

அன்புள்ள ஃபெர்னான்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே அந்த அறைக் காவலரிடம் போனேன். போன செவ்வாய்க்கிழமை யார் யார் வந்தார்கள் என்று கேட்டேன்.

“நிறைய பேர் வந்தாங்க மேடம். ஒரு பெரியவர மட்டும் மறக்க முடியாது. பத்தரை மணிக்கு வந்து அதுக்கு எதிர்ல பெஞ்சுல உக்காந்தவர்தான். நடுவுல பாக்கெட்லேருந்து ரொட்டி எடுத்தார். உள்ள சாப்பிடக் கூடாது ஐயான்னேன். சரின்னு திரும்ப வெச்சுக்கிட்டார், சாப்பிடவே போகல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கும்பலா வந்தப்ப எழுந்து வழி விட்டுட்டு, அவங்க போனதும் அதே இடத்துல உக்காந்துட்டார். ஆறு மணிக்கு மூடணும்னு நான்தான் எழுப்பினேன். கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு, உடம்புக்கு முடியலையோன்னு நினைச்சேன். போறப்ப என்கிட்ட, ‘பின்னாடி எட்டு நாளைக்கு ஒரு தடவை சாவி கொடுக்கணும், மறந்துடாதீங்க’ன்னுட்டுப் போனார். அவருக்கு எப்படித் தெரியும்னு எனக்குப் புரியல, மேடம்.”

ஏழரை மணி நேரம், ஃபெர்னான். தொண்ணூறு சுற்று. கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு. அன்று எங்கே தங்கினாய், எப்படிப் போனாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

அமெரிக்கப் பெட்டியை நாளைக் காலை மாட்டச் சொல்லிவிட்டேன். மேடம் பிரெஷே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், பாவம். நீ எழுதியதை நம்பி மாட்டவில்லை. செப்டம்பர்வரை அது ஊருக்குப் பிடித்தபடி துடித்துக்கொண்டிருக்கட்டும், இனி எனக்கு அதில் வலி இல்லை. பார்க்க வேண்டியவர் பார்த்தாகிவிட்டது.

உகெத்